மூட்டையிலே நஞ்சு, பழி மட்டும் நம்ம பாலுக்கா?

விவசாயப் பெருங்குடி மக்களே! கறவை மாடு வளர்க்கும் தாய்மார்களே!

குறுவை அறுப்பு முடியுமுன்னே ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்த வைக்கோல் போரிலேயே பூசணம் பூக்கிறது. வேறு வழியில்லாமல் கடலைப் பிண்ணாக்கும் மூட்டைத் தீவனமும் கடனுக்கு வாங்கிப் போடுகிறோம். அந்த மூட்டையிலும் பூசணம் இருந்தால் மாடு என்ன செய்யும்?

கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளத்தில் பிடிக்கும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பால் குறையும். பாலிலும் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. 1960-லேயே இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தது இந்த நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கால்தான்!

2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368-ல் இந்த நஞ்சு வரம்பை மீறி இருந்தது. அதில் 88 தமிழ்நாட்டு மாதிரி. இங்கே எடுத்ததே 551-தான். எண்ணிக்கையில் நாட்டிலேயே அதிகம் நம்ம மாநிலம்! தீவனம் வழியாகத்தான் வருகிறது என்று ஆணையமே சொன்னது. அப்புறம் பிடிக்க வேண்டியது யாரை? சொசைட்டியில் கேனோடு நிற்கிற நம்மையா, மூட்டை தைத்து விற்கிறவனையா?

மாற்று இருக்கிறது. டாக்சின் பைண்டர் என்ற பொடி, மாட்டின் வயிற்றில் நஞ்சைப் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றும். கோழிப் பண்ணைகளில் அன்றாடம் புழங்குகிற பொருள்தான். இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கு மட்டும் எட்டாக்கனியா? ஒன்று கவனிங்க. பெண்டோனைட் களிமண் பொடி அஃப்ளாடாக்சினைத்தான் நன்றாகக் கட்டும், எல்லாப் பூசண நஞ்சையும் கட்டாது. 'எல்லாத்துக்கும் கேக்கும்' என்று விற்கிற பொடிக்குக் காசைக் கரியாக்காதீங்க. பொடி இருக்குன்னு பூசண வைக்கோலை மாட்டுக்குப் போடாதீங்க.

அரசே!

* மாட்டுத்தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்த வரம்பு, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். ஒவ்வொரு மூட்டையையும் அதற்குள் நிறுத்து! சோதித்த அளவை மூட்டையிலே அச்சிட வை!

* தரம் பார்த்த பைண்டரைப் பால் சங்கம் வழியாக மானியத்தில் கொடு! எந்த நஞ்சைக் கட்டும், எவ்வளவு போடணும் என்று பையில் தமிழில் எழுது!

* சந்தேகப்பட்ட தீவனத்தை நாமக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. டெல்டாவிலேயே இலவசமாகச் சோதித்துக் கொடு!

மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் ஊராகக் கையெழுத்தோடு வருவோம். பூசணம் பிடித்த தீவனம் ஒரு பிடி கையில் இருக்கட்டும். அதுவே நம்ம மனு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

செயலாளர்,
விவசாயிகள் சங்கம், குத்தாலம்