ஒத்த சொல் வேறு, வரையறை வேறு

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பும் இந்திய மாணவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு பட்டியல். இடப்பக்கம் கடினமான ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு நிகரென்று தரப்படும் எளிய சொல். நாளொன்றுக்கு இருபது, முப்பது என்று மனப்பாடம் தொடர்கிறது. பயிற்சி மையங்களின் கையேடுகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இவ்வடிவமே பெரிதும் காணப்படுகிறது. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வுகளில் ஒத்த சொல், எதிர்ச்சொல் வினாக்கள் உள்ளவரை இப்பட்டியல்களுக்குத் தேவையும் குறையாது. தேர்வைக் கடக்க இவை உதவக்கூடும். ஆனால் ஆய்வேட்டை எழுத அமரும் நாளில் இதே பட்டியல் மாணவரைக் கைவிடுகிறது.

காரணம், அப்பட்டியலில் இருப்பது வரையறை அன்று. 'நொட்டோரியஸ்' என்பதற்குப் 'புகழ்பெற்ற' என்று மனப்பாடம் செய்தவர், தம் நெறியாளரை அச்சொல்லால் வாழ்த்தினால் வாழ்த்து வசையாகிவிடும். தீய காரணத்தால் பலராலும் அறியப்பட்டிருத்தல் என்ற வரையறையை அறிந்தவருக்கு இப்பிழை நேராது. 'மிட்டிகேட்' என்பதற்குக் 'குறைத்தல்' என்று மட்டும் படித்தவர், நூலின் விலையையும் கட்டுரையின் பக்கங்களையும்கூட 'மிட்டிகேட்' செய்ய முனைவார். கேடு, துன்பம், இடர் போன்றவற்றின் கடுமையைத் தணித்தல் என்று வரையறுத்துக்கொண்டவர், அச்சொல் எத்தகைய பெயர்ச்சொல்லை ஏற்கும் என்பதையும் சேர்த்தே அறிகிறார்.

நல்ல வரையறை இரண்டு பணிகளைச் செய்கிறது. ஒரு சொல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று காட்டுகிறது. அவ்வினத்தின் பிற சொற்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்றும் காட்டுகிறது. ஒத்த சொல் முதற்பணியை அரைகுறையாகச் செய்து இரண்டாவதை விட்டுவிடுகிறது. உயர்நிலைச் சொல்வளம் என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது பணியைச் சார்ந்தது.

ஆய்வெழுத்தில் இது வெறும் நடையழகு பற்றிய செய்தி அன்று. முன்னாய்வுகளைத் தொகுத்துரைக்கும் இயலில் பிறர் கருத்தைச் சுட்டும் வினைச்சொற்கள் அடிக்கடி வரும். ஓர் அறிஞர் 'கிளெய்ம்' செய்கிறார் என்று எழுதினால், அக்கூற்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை என்னும் ஐயமும் உடன் வருகிறது. 'டெமான்ஸ்ட்ரேட்' என்றால் சான்றுகாட்டி நிறுவினார் என்றாகிறது. 'ரெஃப்யூட்' என்பதன் கண்டிப்பான பொருள் தவறென்று நிறுவுதல். ஏற்க மறுத்தல் மட்டும் அதற்குப் போதாது. ஒருவர் மற்றொருவரின் கோட்பாட்டை ஏற்க மறுத்ததை 'ரெஃப்யூட்' என்று எழுதும் மாணவர், நடக்காத ஒன்றை நடந்ததாகப் பதிவு செய்கிறார். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கும் கேள்வி மொழியைப் பற்றியதாகத் தோன்றினாலும், அது உண்மையில் ஆய்வின் நேர்மையைப் பற்றியது.

ஒத்த சொல் மனப்பான்மை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று உண்டு. கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அறிவியல் கட்டுரைகளில் மலிந்திருந்த விந்தையான தொடர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று இருந்தது, அதாவது செயற்கை நுண்ணறிவு கள்ள உணர்வாகிவிட்டது. சொற்களை இயந்திரத்தனமாக மாற்றியெழுதும் மென்பொருள்களே இத்தகைய தொடர்களுக்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சித்திரவதைக்குள்ளான தொடர்கள் என்ற பொருளில் அவ்வாய்வாளர்கள் இவற்றுக்குப் பெயரிட்டனர். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமையைக் கேள்விக்குரியதாக்குகின்றன. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காகச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதத் துணிபவர், இதே பள்ளத்தில் விழக்கூடும். சொல்லின் வரையறையை அறிந்தவர் மட்டுமே, எதை மாற்றலாம், எந்தக் கலைச்சொல்லைத் தொடக்கூடாது என்று தீர்மானிக்க முடியும்.

வரையறைகளைப் படித்துச் சொல்வளம் வளராது, வாசிப்பால்தான் வளரும் என்பது பலர் கூறும் மறுப்பு. அதில் உண்மை உண்டு. ஆனால் எழுத்துநடை ஆங்கிலத்தைத் துணையின்றிப் படித்துணர எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டார். அவர் கணக்கின் அடிப்படை, பனுவலின் 98 விழுக்காட்டுச் சொற்களை வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பது. வீட்டில் ஆங்கில நூல்களோடு வளர்ந்தவர் அந்த எண்ணிக்கையைத் தாமறியாமலே நெருங்கிவிடுகிறார். தாய்மொழி வழியில் படித்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவருக்கு ஒரு பக்கத்தில் பதினைந்து சொற்கள் புரியாதபோது, சூழலைக் கொண்டு பொருளை ஊகிக்கச் சொல்வது பயன் தராது. அவருக்குச் சூழலே இருண்டிருக்கிறது. வரையறைதான் அவர் இழந்த ஆண்டுகளைச் சற்றேனும் ஈடுசெய்யும் குறுக்குவழி. அதை ஏளனம் செய்வது, ஏற்கெனவே வாய்ப்புப் பெற்றவர்களுக்கு மட்டுமே எளிது.

ஆனால் அவ்வரையறை அவருக்கு எட்டும் மொழியில் இருக்க வேண்டும். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி, 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை அதனினும் பன்மடங்கு கடினமான சொற்களால் விளக்கியதற்காக இன்றும் நினைவுகூரப்படுகிறது. இக்குறைக்கான மாற்றுவழிக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களின் வாசிப்பை ஆராய்ந்து, சொற்களை வரம்புக்குட்படுத்திக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். 1935இல் எண்டிகாட்டுடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களை மட்டும் பயன்படுத்தி ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் விளக்கியது. கற்போருக்கான இன்றைய அகராதிகள் பலவற்றிலும் இம்முறையின் தடம் உண்டு. இந்திய வகுப்பறை அனுபவத்திலிருந்து கிளைத்த முறை உலகெங்கும் பரவியிருக்க, இந்திய மாணவரோ இன்னும் இருபத்தி பட்டியலை உருப்போடுகிறார்.

தமிழ் மாணவருக்கு இக்கருத்து புதிதும் அன்று. பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்தி விளக்க வேண்டும் என்று தொல்காப்பிய உரியியல் நெறி வகுக்கிறது. பொருளுக்குப் பொருள் கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையில்லை என்றும் எச்சரிக்கிறது. உணர்வதற்கான வாயில் உணர்வோரின் ஆற்றலைச் சார்ந்தது என்பதும் அவ்வியலின் கருத்தே.

ஆகவே மாணவர் செய்யத்தக்கது, அகராதி வரையறையைப் படித்தபின் அதைத் தம் எளிய சொற்களில், தேவைப்பட்டால் தாய்மொழியில், மீண்டும் எழுதுவது. அதன்கீழ் அச்சொல் இயல்பாகச் சேரும் இரண்டு மூன்று சொற்களையும், அதற்கு அண்மையிலுள்ள ஒரு சொல்லிலிருந்து அது வேறுபடும் இடத்தையும் குறித்துவைக்கலாம். நாளைக்கு முப்பது சொற்கள் இம்முறையில் இயலா, மூன்று இயலும். எந்தச் சொற்களிலிருந்து தொடங்குவது என்பதற்கு அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விப்புலச் சொற்பட்டியல் வழிகாட்டும். அதிலுள்ள 570 சொற்குடும்பங்கள் கல்விசார் பனுவல்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை நிரப்புகின்றன. 'கான்செப்ட்', 'தியரி' போன்ற, எல்லோரும் அறிந்ததாக எண்ணும் சொற்களே அதில் மிகுதி. அவற்றை வரையறுக்கச் சொன்னால் தடுமாறுவோர் பலர்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. ஜிஆர்இ தேர்வு 2011இலேயே எதிர்ச்சொல் வினாக்களைக் கைவிட்டு, சொல்லைத் தொடருக்குள் வைத்துச் சோதிக்கும் முறைக்கு மாறிவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு முறையியல் தாளில், மாணவர் தம் துறையின் பத்துச் சொற்களை வரையறுத்து, ஒவ்வொன்றையும் அதன் அண்டைச் சொல்லிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் வினா ஒன்றைச் சேர்க்கப் புதிய நிதியோ புதிய கட்டமைப்போ தேவையில்லை. அடுத்த பருவத்தின் வினாத்தாளிலேயே அதைத் தொடங்கலாம்.