எழுதியது ஒருவர், பட்டா இன்னொருவர் பேரிலா?

சித்தையன்கோட்டையில் நிலம் வாங்கி விற்ற எந்தப் பெரியவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்து கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுவார். குத்தகைக்கு விட்டால் நிலம் நம்முடையதுதான். கிரயம் எழுதிவிட்டால் நம்ம வரப்பில் நடக்கக்கூட அடுத்தவரைக் கேட்க வேண்டும். ஆனால் பி.எச்டி. முடித்த பேராசிரியர்கள் பலர் இந்த வித்தியாசத்தை யோசிக்காமலே கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள்!

விஷயத்துக்கு வருவோம். ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். அதைச் சரிபார்ப்பவர்களும் அவரைப் போன்ற ஆய்வாளர்களே. பெரும்பாலும் இருவருக்குமே பதிப்பகம் காசு கொடுப்பதில்லை. கட்டுரை தேர்வானதும் ஒரு படிவம் வருகிறது. கையெழுத்துப் போட்டால் பதிப்புரிமை பதிப்பகத்துக்குப் போய்விடும். பிறகு அதே கட்டுரையைப் படிக்க அதே பல்கலைக்கழகம் சந்தா கட்ட வேண்டும்.

காமர்ஸ் படிப்பவர்கள் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சம்பளம் அரசுப் பணம், ஆய்வுக் கூடம் அரசுப் பணம், சந்தாவும் அரசுப் பணம். ஒரே சரக்குக்கு எத்தனை பில்!

நம்ம மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் எப்படிக் கெட்டது என்பதை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் ஆராய்ந்தார்கள். அது மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம். 2005-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில். இன்னொன்று ஸ்பிரிங்கரின் 'என்விரான்மென்டல் ஜியாலஜி' இதழில். முதலாவதை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிப் படிக்கலாம். இரண்டாவது இதழின் தளத்தில் சுருக்கம் மட்டும் இலவசம், முழுசும் வேண்டுமென்றால் காசு. கெட்டுப் போனது திண்டுக்கல் கிணறு, அதைப் பற்றிப் படிக்க திண்டுக்கல்காரர் கட்டணம் கட்ட வேண்டும். நியாயமா?

"அதற்குத்தான் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். நல்ல விஷயம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் கட்டமாக அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும்தான். சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பையனுக்கு? படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்ணுக்கு? தன் கிணற்றுத் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைக்கும் விவசாயிக்கு? சந்தா என்பது வருடா வருடம் கட்டும் வாடகை. கட்டுவதை நிறுத்தினால் புதிய இதழ்களுக்குக் கதவு மூடிவிடும்.

வாடகை கட்டுவதை விட, ஆரம்பத்திலேயே பட்டாவை விட்டுக் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்லவா?

இதற்கு சட்டத்தில் இடம் இருக்கிறது. 1957-ம் வருட இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். எழுத்து மூலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாறும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்கிறது 19-வது பிரிவு. அதனால்தான் பதிப்பகங்களின் படிவத்தில் 'முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்' என்று தெளிவாக எழுதி வைத்திருப்பார்கள். நம்மவர்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்.

"உரிமை கேட்டால் கட்டுரையை நிராகரித்து விடுவார்களே, பதவி உயர்வு என்னாவது?" என்ற பயம் புரிகிறது. தனி ஆளாகக் கேட்பது கஷ்டம்தான். அதனால்தான் 2008-ல் ஹார்வர்டு கலை, அறிவியல் பிரிவுப் பேராசிரியர்கள் சேர்ந்து ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டு வந்தார்கள். கட்டுரையை வெளியிட பல்கலைக்கழகத்துக்கு முதலிலேயே அனுமதி உண்டு என்பது அந்த விதி. பதிப்பகத்துக்கு என்ன எழுதிக் கொடுத்தாலும் அந்த அனுமதிக்கு உட்பட்டுத்தான். அவசியப்பட்டால் ஆசிரியர் விலக்கு கேட்டுக்கொள்ளலாம்.

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 2014 டிசம்பரில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஒரு கொள்கை வெளியிட்டன. அவர்கள் பணத்தில் செய்த ஆய்வு என்றால், ஏற்கப்பட்ட கட்டுரையின் இறுதிப் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும். பெரிய பதிப்பகங்கள் பலவும், இதழில் வந்து ஒரு வருடமோ கொஞ்சம் கூடவோ கழித்து அந்தப் பிரதியைக் கல்லூரிக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. அதாவது கேட்காமலே கொடுத்த உரிமையைக்கூட நம்மவர்கள் பயன்படுத்துவதில்லை! சென்னையின் சுப்பையா அருணாசலம் போன்றவர்கள் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஆய்வேடுகளில் இது நடந்திருக்கிறது. 2009 யு.ஜி.சி. விதிக்குப் பிறகு பி.எச்டி. ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தளத்தில் ஏறின. இன்று லட்சக்கணக்கில் இருக்கின்றன, யாரும் படிக்கலாம். அதனால் எந்தப் பேராசிரியருக்கும் நஷ்டம் வந்துவிடவில்லை. ஆய்வேடு திறந்திருக்கும்போது, அதிலிருந்து பிறந்த கட்டுரை மட்டும் ஏன் பூட்டிக் கிடக்க வேண்டும்?

காந்திகிராமத்திலிருந்து சென்னை வரை உள்ள பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஹார்வர்டு மாதிரி ஒரு தீர்மானம், ஒரு களஞ்சியம், பிரதியை ஏற்றிவைக்க நூலகத்தில் ஒரு ஆள். பேராசிரியர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சின்னது. கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படிக்க வேண்டும்.

குத்தகைக்கு விடுங்கள் ஐயா, கிரயம் பண்ணாதீர்கள்!