வாக்குச்சீட்டில் அச்சான வயது

ஜெர்மன் இளைஞர்கள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள், அமெரிக்க இளைஞர்களும் அப்படியே என்ற வரி, நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஏதாவது ஒரு வடிவில் தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. எழுதுபவர்கள் தேர்தல் ஆய்வில் பழகியவர்கள் என்பதால்தான் உறுத்துகிறது.

2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில், ஜெர்மனியின் 25 வயதுக்குட்பட்டோரிடம் பசுமைக் கட்சி 34 சதவீதத்திலிருந்து 11க்குச் சரிந்தது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 16 பெற்றது. அந்த 34, 2019இல் 18 வயது நிரம்பியவர்களிடம் எடுத்தது. 2024இன் 11இல், அப்போது வாக்களித்த 16, 17 வயதினரும் உண்டு. இதைக் குறிப்பிட்டவர்கள் சொற்பம். எட்டே மாதத்தில், 2025 பிப்ரவரியில் நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில், 18–24 வயதினரிடம் 25 சதவீதத்துடன் முதலிடம் பிடித்தது இடதுசாரிக் கட்சியான டீ லிங்கே! நாடு முழுக்க அதற்குக் கிடைத்ததோ 8.8தான். இளம்பெண்கள் லிங்கே பக்கம், ஆண்கள் ஏஎஃப்டி பக்கம். 'இளைஞர்' என்று எழுதும்போது நம் மனக்கண்ணில் வருவது பெரும்பாலும் ஆண் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேலே தந்த வயதுவாரி எண்கள் கணிப்புகள். ஜெர்மனியில் இவற்றைச் சரிபார்க்க வழி இருக்கிறது. மாதிரியாகத் தேர்ந்த வாக்குச்சாவடிகளில், வாக்குச்சீட்டிலேயே பாலினமும் வயதுப் பிரிவும் அச்சாகியிருக்கும், பெயர் இராது. 1953 முதல், 1994, 1998 நீங்கலாக, இந்த அரசுப் புள்ளிவிவரம் தொடர்கிறது.

அமெரிக்காவில் அப்படியொரு சீட்டு கிடையாது. யார் வாக்களித்தார் என்பது பதிவேட்டில் இருக்கும். யாருக்கு என்பதை அவரிடமே கேட்டாக வேண்டும். 2024 அதிபர் தேர்தலில் 18–29 வயதினரிடம் ஹாரிஸ் 54, டிரம்ப் 43 என்றது வாக்களித்தவர்களிடம் எடுத்த எக்ஸிட் போல். ஏபி செய்தி நிறுவனத்தின் வோட்காஸ்ட் கருத்தாய்வு சொன்னது 51–47. ஒரே தேர்தல், ஒரே வயது, இடைவெளி மட்டும் 11 புள்ளி, 4 புள்ளி. 2020ஐவிட டிரம்ப் இளையோரிடம் கூடுதலாகப் பெற்றார் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்குமேல் எழுதும்போது கை நடுங்கத்தான் வேண்டும்.

இன்னொன்று. 2025இல் லிங்கே பெற்ற வாக்கு, விகிதாசார முறையால், நாடாளுமன்றத்தில் இடங்களானது. அமெரிக்க இளைஞரின் மூன்றாம் கட்சி ஆசைக்கு அந்த வாசல் அநேகமாக அடைபட்டது. இருக்கும் கட்சிகள்மீது அவருக்குள்ள வெறுப்பும் டிரம்ப் வாக்காகவோ வீட்டிலிருப்பதாகவோதான் பதிவாகும். இரு நாட்டு எண்களையும் அருகருகே வைத்து மனநிலையை ஒப்பிட்டால், பாதி ஒப்பீடு தேர்தல் முறையைப் பற்றியதாகிவிடும்.

அடுத்த இதழ் முதல், வயதுப் பிரிவும் திரட்டிய முறையும் குறிக்காத அட்டவணைகளைத் திருப்பி அனுப்பப்போகிறோம்.