வேலூர் உடம்புக்கும் வெயில் வெயில்தான்

“வேலூர்க்காரனுக்கு வெயில் என்ன புதுசா?” விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பிலும் கேட்கலாம், ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலிலும் கேட்கலாம். பெருமையாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சு ஆளைக் கொல்லக்கூடியது.

உடம்பு ஓரளவு பழகும் என்பது உண்மை. ஒன்றிரண்டு வாரம் வெப்பத்தில் உழைத்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயத்துக்குச் சுமை தணியும். ஆனால் இது பிறந்த ஊர் தரும் சொத்தல்ல. ஒரு மாதம் விலகியிருந்தால் பெரும்பகுதி போய்விடும். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்ணுக்கும் டேனரியில் புதிதாகச் சேரும் பையனுக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் புது ஆளை முதல் நாள் வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெப்பத்தில் விடச் சொல்கின்றன. பிறகு நாளுக்கு 20 சதவீதமாகக் கூட்டலாம். இங்கே முதல் நாளே முழு ஷிப்ட்.

“நிழல்லதானே வேலை?” என்பார்கள். விரிஞ்சிபுரத்துத் தானியங்கி வானிலை நிலையம் காட்டும் அளவு, காற்றோட்டமான நிழலின் அளவு. சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே கணக்கு வேறு. சும்மா இருக்கும் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கும். ஈரத்தோலைத் தூக்கிப் போடும் உடம்பு அதைப்போல் நாலைந்து மடங்கு. அதை வெளியேற்றும் வழி, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோகலோரி வெளியேறும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் குளிர்விக்காது. டேனரி டிரம் ஓடும் ஈரத்தரையில், காற்றே ஈரமாய் இருக்கையில், வியர்வை சொட்டத்தான் செய்யும். ஷூ கம்பெனித் தையல் வரிசையில் இன்னொரு கொடுமை: பாத்ரூம் போக அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள். வியர்க்கத் தண்ணீர் இல்லாத உடம்பில் எந்தப் பழக்கம் வேலை செய்யும்?

மோரும் நுங்கும் நல்லவையே. ஆனால் பேச்சு குழறி, ஆள் தடுமாறத் தொடங்கிவிட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். “வியர்க்குதே, பயமில்ல” என்பதும் தவறு; உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். பாராசிட்டமால் உதவாது, இது காய்ச்சல் அல்ல. 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் மேலாடை தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். அது கிடைக்க, சாவுக்கு வெப்பமே காரணம் என்று பதிவாக வேண்டும். “பழகின உடம்பு, நெஞ்சுவலியாத்தான் இருக்கும்” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தால், உடல்வெப்பத்தை யார் அளந்து பார்ப்பார்கள்?