பிரெஞ்சில் பசைக்குப் பெயர் 'கொல்'

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதை இங்கே பலமுறை எழுதிச் சலிக்க வைத்திருக்கிறேன். இன்று மறுபடியும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. சின்ன வகுப்பில் ஒருநாள் கைவேலைப் பாடம். ஆசிரியர் என்னைப் பார்த்து "கொல் எடுத்து வா" என்றார். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். பிரெஞ்சில் 'கொல்' என்றால் பசை. எளிதில் விடை சொல்ல முடியாத கேள்விக்கும் அதே சொல். பள்ளி விட்ட பிறகு உட்கார வைக்கும் தண்டனைக்கும் அதே சொல். அன்று சிரித்ததற்கு அந்த மூன்றாவது பொருளை அனுபவித்தேன்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, சென்ற மாதம், தமிழ்ப் பொருளையும் சேர்த்து நான்கும் ஒரே நாளில் என் வீட்டுக்கு வந்தன.

மகள் வயிற்றுப் பேரன் இராயபுரத்தில் எங்களோடு இருந்து படிக்கிறான். இரண்டு வருடமாக மூன்றடி நீளத்தில் ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறான். ஏறக்குறைய 150 லிட்டர் உப்புத் தண்ணீர். இரண்டு கோமாளி மீன், நான்கு இறால், பாறை மேல் சில மென்பவளங்கள். காசிமேட்டு மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்த எனக்கு, சாயங்காலம் அந்தத் தொட்டி முன் உட்காருவது ஒரு பழக்கமாகிவிட்டது.

தொட்டிக்குள் இருந்த பாறைத் தட்டு ஒன்று பிடி விட்டு ஆடியது. "தாத்தா, மண்ணடி பக்கம் போனா ஒரு சிலிக்கான் டியூப் வாங்கிட்டு வாங்க" என்றான். போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். "மீன்தொட்டிக்குப் போடலாமா?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரே சிலிக்கான்தான் சார், எதுவா இருந்தா என்ன?" என்றார். வாங்கி வந்தேன். பேரன் தாத்தாவை நம்பினான். பாறையை வெளியே எடுத்து ஒட்டி, ஒருநாள் காயவிட்டு, திரும்ப வைத்தான். மறுநாள் காலையில் இறால்கள் கவிழ்ந்து கிடந்தன. பவளங்கள் வாய் மூடிச் சுருங்கியிருந்தன. அடுத்த நாள் கோமாளி மீன்களும் போயின.

அப்புறம்தான் டியூபை எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குளியலறை ஓரங்களுக்கானது, பூஞ்சை பிடிக்காது என்று பொடி எழுத்தில் இருந்தது. பூஞ்சை பிடிக்காது என்றால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து அதில் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த மருந்துக்குப் பூஞ்சை எது, இறால் எது என்று தெரியாது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். நீதிமன்றத்தில் என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த வாரம் தொட்டிக்குள் புதிதாகப் போனது நான் வாங்கி வந்த டியூப் ஒன்றுதான். முப்பத்து மூன்று வருடம் அடுத்தவர் மனுவின் பொடி எழுத்தைப் படித்துச் சம்பளம் வாங்கியவன், அன்று படிக்கவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரை அந்தக் கடைக்காரரைத் திட்டுவதற்காக அல்ல. 'எதுவா இருந்தா என்ன?' என்ற அந்த ஒரு வாக்கியத்தைத் திட்டுவதற்காக.

அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உறைக்குக் கோந்து. கோப்பு அட்டைக்கு மைதாப் பசை. அதிலும் துளி மயில்துத்தம் போடாவிட்டால் கரப்பான் தின்றுவிடும். காப்பீட்டுத் தபாலுக்கு அரக்கு. மாற்றிப் போட்டால் பிரிவுக் கண்காணிப்பாளர் கூப்பிட்டுக் கேட்பார். ஒரு காகித உறைக்கே இத்தனை முறை இருந்தது. உயிர் வாழும் தண்ணீருக்கு எதுவாக இருந்தாலும் போதுமா?

தவறு செய்த பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பேரன் பேத்தி யாராவது இப்படித் தொட்டி வைத்திருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பவளம் ஒட்டுவதற்கு உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது சயனோஅக்ரிலேட் என்ற பசை. நம் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் உடனடிப் பசையின் இனம்தான். 1942-ல் அமெரிக்காவின் கோடக் நிறுவன வேதியியலாளர் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கையில் சிக்கியது. எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொண்டதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1958-ல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. ஈரம் பட்டால் இறுகுவது இதன் குணம். அதனால்தான் விரலில் பட்டால் விடுவதில்லை. அதனால்தான் தண்ணீருக்குள்ளும் இறுகுகிறது. பெயரில் 'சயனோ' இருப்பதைப் பார்த்து சயனைடு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இறுகிய பிறகு அது வெறும் பிளாஸ்டிக். இதன் நெருங்கிய உறவான ஒரு பசையால் மருத்துவமனைகளில் மனிதத் தோலின் வெட்டுக்காயத்தையே ஒட்டுகிறார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். பெயரிலேயே விஷ வாடை அடிப்பது பிழைக்க விடுகிறது. 'பூஞ்சை பிடிக்காது' என்று நல்ல பிள்ளை போலப் பேசுவது கொல்கிறது. பெயரை நம்பாதே, சேர்மானத்தைப் படி என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நீர் போல ஓடுவது வேண்டாம். களி போன்ற கெட்டி வகை வேண்டும். சாயம், வாசனை, வேறு மருந்து எதுவும் சேராததாக இருக்க வேண்டும். பவளத் துண்டின் அடியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒரு பொட்டு வைத்து, பாறையில் அழுத்திச் சில விநாடி பிடிக்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே ஒட்டினால் பசையின் மேல் உடனே ஆடை படியும். சற்றுத் திருகி அழுத்தினால் ஆடை கிழிந்து உள்ளே இருப்பது பிடிக்கும். கனமான துண்டுக்கு இரண்டு பாகம் பிசைந்து வைக்கும் எபாக்ஸி. மீன்தொட்டிக்கென்றே செய்யப்பட்டதாகப் பார்த்து வாங்க வேண்டும். சொட்டும் குழாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று போடக் கூடாது. நல்லதையும் ஒரே நாளில் நிறையப் போட்டால் தொட்டியின் நுரை பிரிக்கும் கருவி பொங்கி வழியும். சிலிக்கான் தண்ணீருக்குள் இறுகாது. வெளியே ஒட்டி, புளிக்காடி வாடை அடியோடு போகும்வரை காயவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். அதிலும் பூஞ்சை மருந்து இல்லாதது மட்டும்.

ஒட்டுகிற கைக்கும் ஆபத்து உண்டு. பொத்தான் மாதிரிக் கூட்டமாக இருக்கும் மென்பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்டக் கூடாது. அவை இருந்த பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியை மூச்சிழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. பவளத்தை நிரந்தரமாகப் பிடிக்கப்போவது பசை அல்ல. சில வாரங்களில் பவளமே பாறை மேல் படர்ந்து தன்னை ஒட்டிக்கொள்ளும். காளான் பவளத்துக்குப் பசையே வேண்டாம். கல்துண்டுகள் நிரப்பிய கிண்ணத்தில் போட்டு மேலே வலை கட்டினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, பசை என்பது நம் அலுவலக மொழியில் 10 ஏ 1 தற்காலிக நியமனம். நிரந்தர ஊழியர் வந்து சேரும்வரை நாற்காலியைக் காக்கிறவர். தற்காலிகமாக வருகிறவர் அலுவலகத்தையே கொளுத்திவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

இதோடு நிறுத்தியிருந்தால் பேரன் மகிழ்ந்திருப்பான். ஆனால் 'எதுவா இருந்தா என்ன' பசையோடு நிற்பதில்லை. ஒட்டப்போகும் பவளத்துக்கும் அதே பதில்தான் வருகிறது. "எங்கேயிருந்து வந்தா என்ன சார்?"

என்ன என்றால், நிறைய இருக்கிறது. சென்னையில் வீடுகள் எழும்பியது சிப்பிச் சுண்ணாம்பில். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி மின்னும் என்று வெள்ளைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையையே வெட்டி, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். அதாவது பவளத்துக்குப் பசை தேடுவதற்கு முன்னால், நாம் பவளத்தையே பசையாக்கினோம். அங்கே இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில். பவளம் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1986-ல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. 2001-ல் கடினப் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளமும், கடல்விசிறியும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. சட்டத்தின் கண்ணில் அவை புலியோடு ஒரே வரிசை. தண்டனை மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை.

என் கை சுத்தமா? இல்லை. 1984-ல் குடும்பத்தோடு இராமேஸ்வரம் போனபோது தெருக்கடையில் வெள்ளைப் பவளம் ஒன்று வாங்கினேன். வழியில் உடைந்தது. வீட்டுக்கு வந்து ஒட்டி, கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். அது ஒரு உயிர்க் கூட்டத்தின் எலும்பு என்று அன்று எனக்குத் தெரியாது. வீடு மாறியபோது அது தொலைந்து போனது. அன்று தெரியாமல் செய்தேன். இன்று தெரிந்தும் செய்கிறவர்களை என்ன சொல்வது? வெளிநாட்டுச் சரக்கு என்றால் தாள் எங்கே? கடினப் பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் என்ற உலக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. தாள் இல்லாமல் அவை எந்த எல்லையையும் தாண்டக் கூடாது. தாள் இல்லாத பவளத்துக்குப் பாதுகாப்பான பசை என்று ஒன்று கிடையாது.

நண்பர் ஒருவர் திருவொற்றியூர்க்காரர். இதைச் சொன்னதும் சண்டைக்கு வந்தார். "ஏன்யா, 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி, கரையெல்லாம் எண்ணெய். பிள்ளைகள் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடியும் முகத்துவாரத்தில் எண்ணெய். வலை போச்சு, படகு போச்சு. நீ ஒரு பையனின் கண்ணாடித் தொட்டியில் பசையைப் பற்றி எழுதப்போகிறாயா?"

நியாயமான கோபம். அதற்கு என் பதில் இது. அந்த எண்ணெய்க்கும் இந்த டியூபுக்கும் நடுவே அளவில்தான் வித்தியாசம். இரண்டும் 'தண்ணீர்தானே, எது போனால் என்ன' என்ற ஒரே வாக்கியத்தின் பிள்ளைகள். 150 லிட்டரில் போட்ட தப்பு ஒரே இரவில் முகத்தில் அறைகிறது. ஆற்றில் போட்ட தப்பு தெரியப் பல வருடம் ஆகிறது. அதற்குள் போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விடுகிறார். இறால் செத்து மிதப்பதைத் தன் கையால் எடுத்துப் புதைத்த பையன், நாளைக்கு ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக உட்கார்ந்தால், குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்பான். அந்த நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

இதே தமிழ்நாட்டில், தூத்துக்குடிப் பக்கம், ஆய்வாளர்கள் சிதைந்த பாறைகளில் பவளத் துண்டுகளைச் சிறு சிமென்ட் பலகைகளில் கட்டி வளர்க்கிறார்கள். நம் கட்டுமரமும் பசை இல்லாமல் கயிற்றால் கட்டியதுதானே. எங்கே எது வேண்டும் என்று யோசித்தவர்கள் செய்த வேலை அது.

பேரன் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, வெறும் பாறையோடு ஓடவிட்டிருக்கிறான். மீன் இன்னும் வாங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் உறுத்துகிறது. போன வாரம் அவனே என்னை மண்ணடிக்கு அழைத்துப் போனான். மூன்று டியூபை எடுத்து, ஒவ்வொன்றின் பொடி எழுத்தையும் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, மூன்றையும் திருப்பி வைத்துவிட்டான். கடைக்காரர் "எதுவா இருந்தா என்ன தம்பி?" என்றார்.

"எங்க தாத்தாவைக் கேளுங்க" என்றான்.