தோட்டத்துப் பேர் வீட்டு முகவரி ஆகுமா?

"லயத்துக்கு எதற்குத் தனி முகவரி? தோட்டத்துப் பேரும் டிவிஷனும் எழுதினால் கடிதம் வராதா?" ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் இதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்களே சொல்லும்போது மனசு வலிக்கிறது.

வரும். தோட்டத்து ஆபீஸ் வரைக்கும் வரும்.

கணினி வலையமைப்புப் படித்தபோது லேன் எமியுலேஷன் என்ற முறையைப் படித்தேன். ஏடிஎம் என்ற வலையமைப்பு நுட்பத்துக்காக 1995இல் ஏடிஎம் ஃபோரம் அதை வகுத்தது. அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் 20 பைட் முகவரி. முதல் 13 பைட் எந்த சுவிட்ச் என்று காட்டும். அடுத்த 6 பைட் கருவிக்கே உரியது. கடைசி ஒரு பைட், அந்தக் கருவிக்குள் எந்தப் பகுதி என்று பிரிக்கும். தோட்டமும் டிவிஷனும் அந்த முதல் 13 பைட் மாதிரித்தான். மிச்சம் ஏழு நமக்குத் தரப்படவேயில்லை.

"அதுதான் ஆளின் பேர் இருக்கிறதே" என்பார்கள். எங்கள் டிவிஷனில் மூன்று லெட்சுமி. கடிதம் யாருக்கென்று தெரியாவிட்டால், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் சத்தமாகப் பேர் வாசிப்பார்கள். கோர்ட்டிலிருந்து வந்ததா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததா என்பது மலைக்குப் போகுமுன் எல்லாருக்கும் தெரிந்துவிடும். லேன் எமியுலேஷனிலும், சேரும் இடம் தெரியாத செய்தியை எல்லாருக்கும் அனுப்பும் ஒரு சர்வர் உண்டு. சரியான முகவரி கிடைக்கும்வரைதான் அதற்கு வேலை. கிடைத்ததும் நேர் இணைப்புப் போட்டுவிடுவார்கள். நமக்கோ அந்த இடைக்கால ஏற்பாடே தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது.

செக்ரோல் நம்பரைக் காட்டுகிறவர்களும் உண்டு. அது வேலைக்கான நம்பர். வேலையை விட்டவருக்கும், கொழும்புக் கடையில் நிற்கும் மகனுக்கும் அதில் இடமேது?

"இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது." இருக்கிறது. ஆனால் என் அம்மாவின் அடகு நகைக்கு ஏல அறிவித்தல் பதிவுத் தபாலில்தான் வந்தது. ஆபீஸ் மேசையில் கிடந்து அது லயத்தில் எங்கள் காம்பராவுக்கு, அதாவது எங்கள் அறைக்கு, வந்தபோது ஏலம் முடிந்திருந்தது. தாலிக்கொடி அது.

கடைசியாக, "காணி கம்பனியுடையது, எப்படி நம்பர் போடுவது?" என்ற வாதம். நுவரெலியா டவுனில் வாடகைக்கு இருப்பவர் காணியின் சொந்தக்காரரா? அவர் வீட்டுக் கதவில் நம்பர் இல்லையா? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்வதற்குத் தடையாக நின்றது உண்மை. 2018இல் அதைத் திருத்தினார்கள். இனி அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் "அஞ்சாம் லயம், மூணாம் காம்பரா" என்று நாமே எண்ணி வைத்திருக்கிறோம். சபை அதைப் பதிந்து, ஒவ்வொரு கதவிலும் தீட்டி, தபால் கந்தோருக்கு ஒரு பிரதி கொடுக்கட்டும். தபால்காரர் ஆபீசைத் தாண்டி லயத்துப் படி ஏறி வரட்டும்.