சாமநத்தம் கண்மாய்க்குக் காப்பு எப்போது?

மதுரை நகரின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சாமநத்தம் கண்மாய் ஆபத்தில் இருக்கிறது. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வலசை வரும் வாத்துகள் என நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களை ஆர்வலர்கள் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அதைச் சரணாலயமாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. ஆயினும் அரசுப் பதிவேடுகளில் அது இன்றுவரை ஒரு பாசனக் கண்மாய் மட்டுமே. அதில் விடப்படும் கழிவுக்கும், வெட்டப்படும் மரத்துக்கும், கலைக்கப்படும் கூட்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் என்று யாரும் இல்லை. சாமநத்தம் காப்பில்லாமல் கிடக்கிறது.

நாரைகளைக் காண விரும்பும் மதுரைக் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்ததும் காரைக்குடி சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் பயணம் செய்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகின்றன. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடி, சின்னக் கொள்ளுக்குடி ஆகிய கண்மாய்களைச் சேர்த்து 1977ஆம் ஆண்டு உருவான அந்தச் சரணாலயத்தின் பரப்பு 38.4 ஹெக்டேர்தான். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்கள் என்று அப்பகுதியை நாடறியும். ஆண்டுதோறும் செய்தியில் பாராட்டப்படும் அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு சட்ட அறிவிப்பும் துணை நிற்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஊர்க் கட்டுப்பாட்டை வெளியூர்க்காரர் மீறினால் ஊரார் எடுத்துச் சொல்லலாம். நடவடிக்கை எடுக்கச் சட்டம் வேண்டும். சாமநத்தத்தில் பறவைகளை நேசிக்கும் மக்கள் இருக்கிறார்கள். அத்தகைய சட்ட அறிவிப்பின் துணைதான் இல்லை.

வேட்டங்குடியும் மழையை நம்பிய கண்மாய்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே நீர் நிற்பதில்லை. நாரைகள் கூடு கட்டுவதுமில்லை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் பறவைகள் வேறு நீர்நிலையைத் தேட வேண்டும். இந்தச் சமவெளியில் கோடையிலும் நீர் நிற்கும் கண்மாய்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று சாமநத்தம். ஒரு கண்மாயின் அழிவை அந்தக் கண்மாயின் இழப்பாக மட்டும் கணக்கிட முடியாமற்போவது இதனால்தான்.

அண்டை மாவட்டத்தைப் பார்க்கலாம். இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022ஆம் ஆண்டிலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025ஆம் ஆண்டிலும் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றன. உலகின் முக்கிய ஈரநிலங்களுக்காக 1971இல் உருவான உடன்படிக்கையின் பட்டியல் அது. இந்த நான்கும் மதகும் மடையும் ஆயக்கட்டும் கொண்ட பாசனக் கண்மாய்களே. சாமநத்தம் பாசனத்துக்கு உரியது, ஆகவே அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்க முடியாது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிட்டது. தமிழகத்தில் 20 ராம்சார் தலங்கள் இருக்கின்றன. மதுரை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்த நிலைக்குச் சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியும் காரணம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. பாண்டி நாட்டின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை முன்னோர் வெட்டிய கண்மாய்களே. பல நூற்றாண்டுகளாக நீரும் நாரையும் தங்கிய இடத்தை ஈரநிலம் இல்லை என்று ஒரு விதி சொல்லுமானால், அந்த விதி இந்த மண்ணை அறியாமல் எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டும். ஆகவே சாமநத்தத்துக்கு எஞ்சியுள்ள உறுதியான வழி, 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதைச் சரணாலயமாக அறிவிப்பதே. அந்த அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது.

இனி நீரைப் பற்றி. சாமநத்தத்துக்கு ஆண்டு முழுவதும் வரும் நீரில் பெரும்பகுதி மதுரையின் கழிவுநீர். சுத்திகரிக்கப்பட்டதும் வருகிறது, சுத்திகரிக்கப்படாததும் வருகிறது. அவனியாபுரம் பக்கம் அயன்பாப்பாக்குடி கண்மாயிலிருந்து நுரை பொங்கிச் சாலைவரை பரவிய காட்சியை மதுரை மக்கள் அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் கண்டார்கள். சோப்பும் சாயமும் சாக்கடையும் கலந்து ஓடும் கால்வாய்கள் நகரின் தெற்கே நெடுக இருக்கின்றன. வெள்ளக்கல்லில் மலையாகக் குவிந்த குப்பையின் கசிவும் அப்பகுதி நிலத்தையும் நீரையும் அச்சுறுத்துகிறது. இந்தக் கழிவெல்லாம் பள்ளம் நோக்கித்தான் ஓடும். பள்ளத்தில்தான் கண்மாய்கள் இருக்கின்றன.

கழிவு மிகுந்த நீரில் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். அவை மடிந்து அழுகும்போது நீரில் உள்ள உயிர்வளி குறையும். கோடை வெப்பத்தில், உயிர்வளி அற்ற சேற்றில், பொட்டுலிசம் என்னும் நோயின் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். அந்த நச்சு ஏறிய பறவையின் கழுத்தும் சிறகும் செயலிழக்கும். இறந்த பறவையின் உடலில் நெளியும் புழுக்களைத் தின்னும் மற்றொரு பறவைக்கும் நச்சு தொற்றும். இராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் 2019ஆம் ஆண்டு 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் சில வாரங்களில் மடிந்தது இந்த நோயால்தான். உப்பு ஏரியான சாம்பரும் நம் கண்மாயும் ஒன்றல்ல என்பது உண்மை. எனினும் ஒரே நீரில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடும் எந்த இடத்திலும் நோய் புகுந்தால் அதை முதல் நாளிலேயே கண்டுபிடிக்கும் ஏற்பாடு வேண்டும். சாமநத்தத்தில் அந்த ஏற்பாடு யார் பொறுப்பு?

பறவைகள் நிறைய வருகின்றன, எனவே நீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். இது தவறு. சுற்றிலும் கண்மாய்கள் வற்றியும் மேடாகியும் போனதால் எஞ்சிய நீருக்குப் பறவைகள் நெருக்கித் தள்ளப்படுகின்றன. மாசுபட்ட நீரைத் தாங்கும் இனங்கள் தங்கும். தாங்காதவை முதலில் மறையும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்கமாட்டார்கள்.

இதற்கு மாற்றாகக் கழிவுநீரை அடியோடு வேறு பக்கம் திருப்பிவிடுவதும் தீர்வாகாது. அப்படிச் செய்தால் கண்மாய் கோடையில் காய்ந்துவிடும். கீழே உள்ள வயலும் காயும். வருகிற நீர் நிற்கக் கூடாது, முறையாகச் சுத்திகரிக்கப்பட்டு வர வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டியதோடு கடமை முடிந்தது என்று உள்ளாட்சி அமைப்பு கருத முடியாது. நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் தரமும், நிலையத்துக்கு வராமலே கால்வாயில் இறங்கும் சாக்கடையின் அளவும் மாதந்தோறும் பொதுமக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.

அடுத்தது மரமும் மீனும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஏலக் கணக்கில் விறகாகவே மதிக்கப்படுகின்றன. நாரைக்கு அவை கூடு. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும்வரை நாயும் கீரியும் கூட்டை நெருங்குவது கடினம். குஞ்சுகள் பறக்கும் முன்பே மரம் வெட்டப்பட்டாலோ, நீர் வடிக்கப்பட்டாலோ அந்தப் பருவத்தின் இனப்பெருக்கம் முழுவதும் வீணாகும். மீன்பாசி ஏலத்திலும் இதே சிக்கல் உண்டு. குத்தகை எடுத்தவர் மீனைத் தின்னும் பறவையை நட்டமாகவே பார்ப்பார். வெடி போட்டு விரட்டும் வழக்கமும் பல கண்மாய்களில் இருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பறவைகள் கூடும் கண்மாயை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏலத்துக்கு விடுவது நிர்வாகத்தின் தவறு. கூடு கட்டும் மாதங்களில் மரம் வெட்டுவதையும் மீன் பிடிக்க நீர் வடிப்பதையும் தடை செய்ய, சரணாலய அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆயக்கட்டு விவசாயிகளின் அச்சத்துக்கு நேர்மையான பதில் தேவை. சரணாலயம் என்றால் மடை திறக்கத் தடை, கரையில் மாடு மேய்க்கத் தடை, வண்டல் எடுக்கத் தடை என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் வெறுங்கற்பனை அல்ல. பேசாமல் போடப்படும் அறிவிப்புகள் பிற ஊர்களில் கசப்பை விதைத்திருக்கின்றன. சரணாலயம் அறிவிக்கும் முன் மக்களின் உரிமைகளை விசாரித்து முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து 1798ஆம் ஆண்டிலேயே வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பு கேட்டுப் பெற்றார்கள். விவசாயியும் நாரையும் ஒரே நீரில் பிழைக்க முடியும். அதற்குப் பாசன உரிமை எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.

விமான நிலையம் தொலைவில் இல்லையே, பறவைகள் விமானங்களில் மோதாதா என்ற கேள்வியும் எழும். அது தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. பறவைகளின் பறக்கும் உயரமும் பாதையும் நேரமும் முறையாக ஆராயப்பட்டு முடிவு வெளியிடப்பட வேண்டும். பருந்துகளை ஈர்ப்பதில் திறந்தவெளிக் குப்பைக்கு உள்ள பங்கும் அதே ஆய்வில் வர வேண்டும். ஆய்வு இல்லாத மௌனம் இரு தரப்புக்கும் பாதுகாப்பு தராது.

நகரக் கழிவு பாயும் நீர்நிலையைக் காக்க முடியாது என்பவர்களுக்குத் திருப்பூரின் நஞ்சராயன் குளம் பதில். தொழில் நகரத்தின் அருகே, அதன் கழிவின் சுமையைத் தாங்கிய குளம் அது. 2022ஆம் ஆண்டு சரணாலயமானது. 2024ஆம் ஆண்டு ராம்சார் தலமானது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று இவ்விதழ் கூறவில்லை. அந்தக் குளத்துக்கு இப்போது எல்லை இருக்கிறது, பொறுப்பாளர் இருக்கிறார், கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

அறிவிப்பின் வலிமையை மதுரை மாவட்டமே கண்டிருக்கிறது. மேலூர் அருகே அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் விடப்பட்டபோது மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வென்றது மக்கள் போராட்டம். அந்தப் போராட்டத்தின் கையில் ஓர் அரசாணை இருந்ததை மறக்கக் கூடாது. சாமநத்தத்துக்கு நாளை ஒரு சாலையோ, குடியிருப்பு மனைத் திட்டமோ, மரம் வெட்டும் ஏலமோ வந்தால் எடுத்துக் காட்ட எந்தத் தாளும் இல்லை.

பார்வையாளர்கள் தொடர்பாகவும் இப்போதே ஒழுங்கு வேண்டும். சாமநத்தத்தின் பெயர் பரவப் பரவ விடுமுறை நாள் கூட்டம் பெருகும். படத்துக்காகக் கூட்டின் அருகே சென்றாலோ டிரோன் பறக்கவிட்டாலோ தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டையைக் காக்கை எடுக்கும், குஞ்சு வெயிலில் வாடும். காவலரும் வழிகாட்டியும் பார்க்கும் மேடையும் வருவதற்கு முன்பு விளம்பரம் வந்துவிடக் கூடாது. கரையைத் தாண்டி இறங்காமல் கண்மாயைப் பார்ப்பது, நெகிழி கொண்டுபோகாமல் இருப்பது ஆகியவற்றை வாசகர்கள் இன்றே கடைப்பிடிக்கலாம். மதுரைப் பள்ளிகள் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லட்டும். ஆசிரியரும் வரம்பும் உடனிருக்கட்டும்.

கண்மாயின் நீர் ஒரு துறையிடம், மரம் இன்னொரு துறையிடம், மீன் வேறொரு அமைப்பிடம், கழிவு உள்ளாட்சியிடம், மாசைக் கண்காணிக்கும் கடமை மற்றொரு வாரியத்திடம் என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. பறவைகளுக்காக இவற்றை ஒருங்கிணைப்பவர் யாரும் இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும் இந்த ஏற்பாட்டில் கோப்புகள் நகர்கின்றன, கண்மாய் மட்டும் நாளுக்கு நாள் கெடுகிறது. இவற்றை ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் மாவட்ட அளவில் இருக்கிறது; சரணாலய அறிவிப்புக்கான அதிகாரம் மாநில அளவில் இருக்கிறது. இரண்டு நிலையிலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் உண்டு.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். வலசைப் பறவைகள் அதையொட்டி வந்து சேரும். அதற்கு முன் சாமநத்தம் கண்மாயின் எல்லை அளந்து கல் நடப்பட வேண்டும். வரத்துக்கால்வாய்களில் சாக்கடை இறங்கும் இடங்கள் அடையாளம் காணப்பட்டு அடைக்கப்பட வேண்டும். கூடுள்ள மரங்கள் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகளுடன் பேச்சு தொடங்க வேண்டும். சரணாலயமாக அறிவிக்கும் நோக்கத்தை அரசு அரசிதழில் வெளியிட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.